நர்ஸ்களுக்கான இண்டெம்னிட்டி பாலிசி: மருந்து மாறிப்போனால் எதுவரை கூட வரும்?

டாக்டர்களுக்கு விற்றுப் பழகிய புரொபஷனல் இண்டெம்னிட்டி (தொழில் பிழைக்கான நஷ்டஈட்டுக் காப்பு) பாலிசியை நர்ஸ்களும் எடுக்கலாம். விற்க வருபவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "கேஸ் வந்தா கம்பெனி பாத்துக்கும் சிஸ்டர்." பாலிசி வாசகத்தை உட்கார்ந்து வாசித்தால் இந்த வாக்குறுதியில் பாதிதான் தேறும். நோயாளி தரப்பு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் பாலிசி வேலை செய்யும். ஆனால் மருந்து மாறிய ராத்திரியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸின் வயிற்றைக் கலக்குவது நஷ்டஈடு இல்லை. வேலை போகுமா, லைசென்ஸ் போகுமா, போலீஸ் வருமா என்பதுதான். இந்த மூன்றிலும் பாலிசியின் கை எட்டுவது கொஞ்சமே. அதற்காக வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியாது. யார் வாங்கலாம், வாங்கும்போது எந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும், பாலிசி எட்டாத இடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேறு எந்தக் கதவைத் தட்டலாம் என்று பார்ப்போம்.

எப்படிப்பட்ட பிழைக்காக இதை வாங்குகிறோம் என்பது தெரிந்தால்தான் வாசகம் புரியும். இன்சுலினையே எடுத்துக்கொள்ளலாம். நம் வார்டுகளில் மிக்ஸ்டார்ட், ஆக்ட்ராபிட் போன்றவை மில்லிக்கு 40 யூனிட் குப்பியில் வருகின்றன. கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. ராத்திரி டியூட்டியில் ஆரஞ்சு மூடி தீர்ந்துபோய், சிவப்பு மூடி சிரிஞ்சில் கிளார்ஜினை "10" கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லி. நோயாளிக்குப் போவது 10 யூனிட் இல்லை, 25 யூனிட். கோடு சரி, டிரக் சார்ட் சரி, கையெழுத்து சரி. டோஸ் மட்டும் இரண்டரை மடங்கு. கிளார்ஜின் நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து என்பதால், அதிக டோஸால் இறங்கிய சர்க்கரை ஒரு தடவை ஏறியதும் நிம்மதியாகிவிட முடியாது. அடுத்த நாள் வரை மணிக்கணக்கில் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடு இன்னும் மோசம். 15 சதவீத ஆம்பியூல் 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலண்ட் (உப்பின் அளவுக்கான அலகு) இருக்கும். ஸ்டெரைல் வாட்டரும் 10 மில்லி ஆம்பியூல்தான். இரண்டும் ஒரே தட்டில் கிடக்கும் வார்டில், ஆன்டிபயாடிக் கரைக்க எடுத்த ஆம்பியூல் மாறினால் இதயம் நிற்பதற்கு நிமிடங்கள் போதும். இதை வார்டு தட்டில் வைக்கவே கூடாது, பார்மசியிலிருந்து கேட்டு வாங்க வேண்டும், நேராக நரம்பில் தள்ளவே கூடாது, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் நர்சிங் பாடத்தில் உள்ளதுதான். நாற்பது படுக்கைக்கு ராத்திரி இரண்டு பேர் நிற்கும் இடத்தில் அந்த இரண்டாவது கையெழுத்து எப்படி விழும் என்பதை அந்த வார்டில் நின்றவர்கள் அறிவார்கள்.

மருந்து மாறியதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், டைபாய்டுக்கு வந்த குழந்தைக்கு குளோரோமைசெடின் என்ற ஆன்டிபயாடிக் போட வேண்டிய இடத்தில் லாரியாகோ என்ற மலேரியா மருந்து நரம்பில் போடப்பட்டது. குழந்தைக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்ததை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஊசி போட்டவர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு பெறாதவர் என்பதும் அதில் வெளிவந்தது. பணத்துக்குப் பொறுப்பு மருத்துவமனை மீது விழுந்தது. நர்ஸ் செய்த பிழைக்கு வேலைக்கு வைத்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பது நிலைத்துப்போன சட்டம்.

இங்கேதான் பாலிசி பற்றிய முதல் கேள்வி எழுகிறது. பணம் மருத்துவமனைதான் கட்டும் என்றால் நர்ஸுக்குத் தனிப் பாலிசி எதற்கு? மருத்துவமனை எடுத்திருக்கும் பாலிசி மருத்துவமனைக்கானது. அது நியமிக்கும் வக்கீல் மருத்துவமனையின் வக்கீல். புகார் மனுவில் முதல் எதிர்த்தரப்பு மருத்துவமனை, இரண்டாவது டாக்டர், மூன்றாவது நர்ஸ் என்று மூன்று பெயரையும் போடுவது வழக்கம். முதலிரண்டு பேரின் பதில் மனுவில் "எங்கள் நெறிமுறை சரியாக இருந்தது, மூன்றாம் எதிர்த்தரப்பு அதைப் பின்பற்றவில்லை" என்ற வரி வந்துவிட்டால் ஒரே வக்கீல் மூன்று பேருக்கும் பேச முடியாது. அந்த இடத்தில் தனக்கென்று ஒரு வக்கீலும் அவருக்கான ஃபீஸும் வேண்டும். தனிப் பாலிசி உருப்படியாகத் தருவது இதைத்தான்.

வாசகத்தில் பார்க்க வேண்டியவை

பாலிசி அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது தொழில் வரையறை. "பதிவு பெற்ற மருத்துவர்" என்று மட்டும் இருந்தால் அது நர்ஸுக்கு உதவாது. நர்ஸ், மிட்வைஃப் என்ற சொற்கள் அச்சில் இருக்க வேண்டும். ஏஜெண்ட் வாயால் சொன்னது கிளெய்ம் நேரத்தில் எடுபடாது. அடுத்தது பதிவு நிபந்தனை. சம்பவ நாளில் செல்லுபடியாகும் கவுன்சில் பதிவு இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்பை மறந்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு காரணம் போதும், கம்பெனி கையை விரிக்க.

மூன்றாவது, பலரும் கவனிக்காமல் விடுவது: இந்தப் பாலிசி "கிளெய்ம்ஸ் மேட்" முறையில் ஓடுகிறது. மோட்டார் பாலிசியில் விபத்து நடந்த நாளில் பாலிசி உயிரோடு இருந்தால் போதும். இதில் அப்படி இல்லை. நோட்டீஸ் கையில் வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். பிழை நடந்த நாள் பாலிசியில் குறித்திருக்கும் ரெட்ரோஆக்டிவ் தேதிக்கு (எந்த நாள் முதல் நடந்த பிழைக்குப் பொறுப்பு என்பதற்கு) பிந்தியதாகவும் இருக்க வேண்டும். முதல் பாலிசி தொடங்கிய தேதியே ரெட்ரோ தேதியாக நிற்கும், இடைவெளி இல்லாமல் புதுப்பித்தால். ஒரு வருடம் விட்டுப் பிடித்தால் பழைய தேதி போய்விடும்.

நம் மாவட்டத்துக்கு இது பெரிய ஓட்டை. இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை, பிறகு குவைத், சவுதி, அயர்லாந்து என்பது இங்கே வழக்கமான பாதை. விமானம் ஏறியதும் "இனி எதுக்கு" என்று பாலிசியை விட்டுவிடுவார்கள். நுகர்வோர் புகாருக்குக் கெடு இரண்டு ஆண்டு. அவர் குவைத்தில் இருக்கும்போது கருங்கல் ஊரில் இருக்கும் வீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸ் வரும். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி டிவி ஸ்டாண்டில் வைத்துவிடுவார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பதில் மனுவுக்கு 30 நாள், கூடினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே வெளிநாடு போகிறவர் இந்தியாவில் கடைசியாக வேலை பார்த்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டாவது பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடமும் நாகர்கோவில் முத்திரையோடு எந்தத் தபால் வந்தாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பாலிசி முடிந்த பிறகு வரும் நோட்டீஸையும் ஏற்கும் எக்ஸ்டெண்டட் ரிப்போர்ட்டிங் என்ற சேர்க்கை சில பாலிசிகளில் கிடைக்கும். கிடைத்தால் அதை வாங்கலாம். இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பிழையை இங்கே எடுத்த பாலிசி சுமக்காது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவும்.

தொகையில் "ஏஓஏ : ஏஓஒய்" என்று ஒரு விகிதம் இருக்கும். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதே அது. வருட மொத்தம் 20 லட்சம், விகிதம் 1:4 என்றால் ஒரு கேஸுக்குக் கிடைப்பது 5 லட்சம்தான். நர்ஸுக்கு ஒரே வருடத்தில் நாலு கேஸ் வருவது அபூர்வம். அதனால் 1:1 கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். வக்கீல் ஃபீஸும் பெரும்பாலான வாசகங்களில் இதே தொகைக்குள் அடக்கம், அதுவும் கம்பெனியின் முன் அனுமதியோடு. கேஸ் நாலு வருடம் இழுத்தால் நஷ்டஈட்டுக்கு மிஞ்சுவது குறையும். பிரீமியத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மெடிக்ளெய்முக்கு வந்த வரி விலக்கு இதற்குக் கிடையாது.

விலக்குப் பட்டியலில் போதையில் செய்தது, குற்றச் செயல், அபராதம், பாலிசி எடுக்கும் முன்பே தெரிந்திருந்த சம்பவம் எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. பிழை நடந்த பிறகு பாலிசி எடுக்க ஓடுவது வீண், கடைசி விலக்கு அதற்காகவே இருக்கிறது.

சிக்கலான நிபந்தனை ஒன்று உண்டு. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று எல்லாப் பாலிசியிலும் ஒரு வரி இருக்கும். இதைப் பார்த்து, நடந்ததையே மறைக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வது நோயாளியின் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் "10-க்குப் பதில் 25 யூனிட் போயிருக்கிறது" என்று உடனே சொல்வது உண்மையைச் சொல்வது, அதை எந்தப் பாலிசியும் தடுக்கவில்லை. "என் தப்புதான், எவ்வளவு செலவானாலும் நான் தருகிறேன்" என்று உறவினரிடம் எழுதிக் கொடுப்பதுதான் அந்த வரிக்குள் வருகிறது.

பிழை நடந்த ராத்திரி எழுதும் காகிதம்

பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேஸின் போக்கைத் தீர்மானிப்பது முதல் சில மணி நேரம்தான்.

நோயாளியைப் பார்த்து, டாக்டரை அழைத்து, சொன்ன நேரத்தை நர்ஸஸ் நோட்ஸில் எழுதுவது முதல் வேலை. இன்சுலின் கேஸ் என்றால் சர்க்கரை அளவு, கொடுத்த 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் எத்தனை மில்லி, யார் ஆர்டர், எத்தனை மணிக்கு, அடுத்தடுத்த அளவுகள் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். குப்பி, சிரிஞ்ச், ஆம்பியூல் எதையும் ஷார்ப்ஸ் டப்பாவில் போடாமல் கவரில் லேபிள் ஒட்டி இன்சார்ஜிடம் கொடுத்து, கொடுத்ததையும் எழுத வேண்டும். எழுதியதை அடித்து மாற்றுவது, வொயிட்னர் பூசுவது, பக்கத்தைக் கிழிப்பது மூன்றும் தற்கொலைக்குச் சமம். மறந்துபோனதைச் சேர்க்க வேண்டுமென்றால் "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, எழுதும் நேரத்தையே போட்டு எழுதலாம். போனில் வந்த ஆர்டர் என்றால் யார் சொன்னது, திரும்பப் படித்துக் காட்டினோமா என்பதும் வேண்டும். கேஸ் ஷீட்டைச் செல்போனில் படம் எடுத்து வைப்பது தவறு. அது நோயாளியின் ரகசியம், விசாரணையில் தனிக் குற்றச்சாட்டாகத் திரும்பி வரும். தன் கையால் எழுதிய விளக்கத்தின் நகலை வைத்துக்கொள்வதில் தடையில்லை.

அந்த விளக்கம்தான் பெரிய கண்ணி. விடிவதற்குள் நிர்வாக அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். "என் கவனக்குறைவால்" என்று தொடங்கும் வாசகத்தை யாராவது சொல்லச் சொல்ல எழுதச் சொல்வார்கள். சில இடங்களில் கூடவே ராஜினாமாக் கடிதமும், தேதி போடாமல். அழுதுகொண்டே இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருபவருக்கு எந்தப் பாலிசியாலும், எந்த வக்கீலாலும் பாதி உதவிதான் செய்ய முடியும். ராஜினாமா செய்தவரை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை, எனவே நீக்கம் தவறு என்று கேட்பதும் கடினம்.

விளக்கம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, ஷிஃப்ட், பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, கூட இருந்த ஸ்டாஃப், ஆர்டர் எப்படி வந்தது, என்ன எடுத்தேன், என்ன கொடுத்தேன், எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னேன். காரணம் ஊகிக்க வேண்டாம், யார் மீதும் பழி போட வேண்டாம், "கவனக்குறைவு", "அலட்சியம்" என்ற தீர்ப்புச் சொற்கள் வேண்டவே வேண்டாம். நோயாளி எண்ணிக்கை மிக முக்கியம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதே இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. நாலு பேரை ஒருவர் பார்த்தார் என்பது ரோஸ்டரில் இருந்தால் விசாரணையின் கோணமே மாறும். சிரிஞ்ச் கையிருப்பு இல்லை என்று இண்டெண்ட் புக்கில் (வார்டுக்குப் பொருள் கேட்டு எழுதும் ஏட்டில்) எழுதியிருந்தால் அதன் பக்க எண்ணையும் குறிப்பிடலாம்.

பாலிசி இருப்பவர் இதே நாளில் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் சொல்ல வேண்டும். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. "வழக்கு வரக்கூடிய சம்பவம்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்க இடம் தரும் பாலிசி என்றால், பின்னால் எப்போது நோட்டீஸ் வந்தாலும் அந்த வருடக் கணக்கில் சேரும். வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

பாலிசி எட்டாத மூன்று இடங்கள்

போலீஸிலிருந்து தொடங்கலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) வந்திருக்கிறது. அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவர் செய்தால் இரண்டு ஆண்டு வரை. இந்தச் சலுகை தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதியும் பதிவும் உள்ளவருக்கு மட்டும். நர்ஸ் அதில் இல்லை. ஒரே அறையில், ஒரே நோயாளிக்கு, டாக்டருக்கு இரண்டு, நர்ஸுக்கு ஐந்து. நர்ஸ் சங்கங்கள் இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும். பிரிவு ஜாமீனில் விடக்கூடியது என்பது ஓர் ஆறுதல். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு, அதற்கு முன் சுயேச்சையான மருத்துவக் கருத்து வேண்டும், எடுத்தவுடன் கைது கூடாது என்கிறது. அதன் வழிமுறைகள் டாக்டர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, நர்ஸுக்கும் பொருந்தும் என்று வக்கீல்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த வக்கீலுக்கான செலவைச் சாதாரண பாலிசி தராது. குற்ற வழக்குச் செலவு தனிச் சேர்க்கையாக இருந்தால் மட்டுமே.

அடுத்தது வேலை. அரசு நர்ஸ் என்றால் தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஏ) அல்லது 17(பி)-யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. 17(பி) பெரிய தண்டனைக்கானது, அதில் ஆவண நகல் கேட்கவும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் உரிமை உண்டு. கேட்காமல் "மன்னிக்கவும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பவர்களே அதிகம். தனியாரில் நிலைமை தெளிவில்லை. மருத்துவமனையும் தொழிலாளர் சட்டத்தின் "தொழில்" என்ற வரையறையில் வரும் என்று உச்ச நீதிமன்றத்தின் 1978 பெங்களூரு குடிநீர் வாரியத் தீர்ப்பு சொன்னது. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், தர்ம, சமூக சேவை நிறுவனங்கள் நடத்துபவற்றை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. மிஷன் ஆஸ்பத்திரிகளும் டிரஸ்ட் ஆஸ்பத்திரிகளும் நிறைந்த குமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வேலை நீக்கம் வந்தால் தொழிலாளர் அலுவலரிடம் போவதா, சிவில் கோர்ட்டா என்பதை நிறுவனத்தின் பதிவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். போன சம்பளத்தைப் பாலிசி ஒருபோதும் தராது.

மூன்றாவது லைசென்ஸ். "உன் லைசென்ஸைக் கேன்சல் பண்ணிடுவோம்" என்பது நிர்வாக அறையில் அடிக்கடி விழும் மிரட்டல். எந்த மருத்துவமனைக்கும் அந்த அதிகாரம் இல்லை. அவர்களால் முடிந்தது புகார் அனுப்புவது மட்டுமே. 1926-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில்தான் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க முடியும், அதுவும் விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகு. 2023-ல் வந்த தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் இந்தப் பொறுப்பை மாநில ஆணையங்களுக்கு மாற்ற வழி செய்கிறது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்கள் கேரளக் கவுன்சிலில் பதிந்திருப்பதால் அங்கே நடந்த பிழை அங்கேதான் போகும். அமெரிக்காவில் நர்ஸ் பாலிசிகளில் லைசென்ஸ் பாதுகாப்பு என்று தனிப் பிரிவே இருக்கிறது, போர்டு விசாரணைக்கு வக்கீல் செலவு அதில் வரும். இங்கே "ஒழுங்கு நடவடிக்கைச் செலவு" என்ற சொல் அட்டவணையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இருந்தால் அந்தப் பாலிசிக்குக் கூடுதல் பிரீமியம் கொடுக்கலாம்.

பெயர் நீக்கப்படாவிட்டாலும் நடைமுறையில் அடி விழும் இடம், பதிவில் குறை ஏதும் இல்லை என்று கவுன்சில் தரும் குட் ஸ்டேண்டிங் சான்றிதழ். வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் அது வேண்டும். விசாரணை நிலுவையில் இருந்தால் அது சிக்கும். வளைகுடா வேலைக்கான டேட்டாஃப்ளோ என்ற ஆவணச் சரிபார்ப்பு பழைய மருத்துவமனையின் எச்.ஆர். பிரிவுக்குப் போய்ப் பணி விவரத்தைக் கேட்கும். எஃப்.ஐ.ஆர். இருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் நிற்கும். அதனால் மருத்துவமனையோடு சமரசமாகப் பிரிகிற நிலை வந்தால் பணத்தைவிட ரிலீவிங் ஆர்டரின் வாசகத்துக்குப் பேரம் பேச வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் விசாரணை பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். பிழையை மன்னிக்கும் கவுன்சில்கள் மறைத்ததை மன்னிப்பதில்லை.

நாகர்கோவிலில் காசில்லாமல் கிடைப்பது

1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. மாதம் ஐம்பதாயிரம் சம்பளம் வாங்கும் சிஸ்டரும் கேட்கலாம். ஆண் நர்ஸுக்கு வருமான வரம்பு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அதுவும் இல்லை. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல் நீதிமன்றங்களில் வட்டக் குழு. போனில் 15100. ஆதார் நகல், வந்த மெமோ அல்லது நோட்டீஸ், பணி நியமனக் கடிதம், தேதிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு கொண்டுபோனால் போதும்.

இந்தச் சேவையைப் பாலிசியோடு ஒப்பிட்டால், மெமோவுக்குப் பதில், வேலை நீக்க வழக்கு, நுகர்வோர் ஆணையத்தில் பதில் மனு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு வரை எல்லாவற்றுக்கும் வக்கீல் தருவதால் பரப்பு பாலிசியைவிட அகலம். நேர நெருக்கடியும், வார்டு மொழி தெரியாததும் இதன் குறை. குழுவில் இருக்கும் வக்கீல் திறமையானவராகவே இருந்தாலும் 40 சிரிஞ்சும் 100 சிரிஞ்சும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். இரண்டு சிரிஞ்சையும் வாங்கி மேசையில் வைத்துத் தண்ணீர் இழுத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார். வாயால் விளக்கினால் அரை நாள் போகும். நஷ்டஈட்டுத் தொகையை இந்தச் சேவை கட்டாது. அங்கேதான் பாலிசிக்கு வேலை.

யார் வாங்கலாம்

ஐசியு, லேபர் வார்டு, டயாலிசிஸ், கீமோ பிரிவுகளில் இருப்பவர்கள் வாங்கலாம். ஏஜென்சி மூலம் வீட்டில் போய் நோயாளி பார்க்கும் ஹோம் நர்ஸ்கள் கட்டாயம் வாங்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் நிற்க மருத்துவமனையே இல்லை. வெளிநாடு போகும் திட்டத்தோடு தனியாரில் அனுபவத்துக்காக வேலை பார்ப்பவர்களும், போன பிறகு இரண்டு வருடம் கட்ட மனசிருந்தால், வாங்கலாம். நிரந்தர அரசு நர்ஸுக்கு அவசரமில்லை. அவருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் 17(பி) வழியாக, அதைப் பாலிசி தொடாது. மருத்துவமனை பாலிசியில் நர்ஸ்களும் அடக்கம் என்று எச்.ஆர். சொன்னால் அட்டவணை நகலைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடக்கம் இல்லை என்றே வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளம் அல்லது 155255. தனிநபர் பெயரில் எடுத்த பாலிசிக்கு சென்னை இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடமும் (குறைதீர்ப்பாளர்) போகலாம், அதற்கு வக்கீல் வைக்கத் தேவையில்லை. மறுப்புக் கடிதத்தில் எந்த விலக்கு எண்ணைக் காட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் முதலில் அடிக்கோடிட்டு வையுங்கள். புகார் முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே இருக்க வேண்டும்.